விளம்பர இடைவேளையில் எழுந்திருங்கள்

காலையில் அரை மணி நேரம் பார்க்கில் நடந்துவிட்டு, மீதி நாள் முழுக்க சோபாவிலேயே உட்கார்ந்திருக்கும் அப்பா, அம்மா உங்கள் வீட்டிலும் இருக்கிறார்களா? நடப்பது நல்லதுதான், ஆனால் அதற்காக சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை அசையாமல் சீரியல் பார்ப்பது சரியாகிவிடாது.

எங்கள் வீட்டில் செய்வது இதுதான். விளம்பரம் வந்ததும் அம்மா நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து நின்று, மறுபடி மெதுவாக உட்காருவார், முடிந்தால் பத்து தடவை. தொடைக்கு நல்ல வேலை. கழிவறையில் எழுந்திருக்கவும் பஸ் படி ஏறவும் அந்தத் தசைதான் வேண்டும். நாற்காலி சுவரை ஒட்டி இருக்கட்டும், டைல்ஸ் தரையில் வழுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம். அப்புறம் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கலாம்.

65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சியும், அதோடு வாரத்தில் மூன்று நாளாவது சமநிலை, தசை வலுவுக்கான பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. இந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் சட்டென்று எழ வேண்டாம், தலை சுற்றலாம். மூட்டு வலி அதிகமென்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.