மொரீஷியஸ் கடலின் மூன்று சத்தத்தில் ஒரு ஒலிப்படைப்பு

கடல் சத்தம் வேண்டுமென்றால் பலரும் கரையில் மைக்கை நீட்டி அலையைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அது எந்த ஊரிலும் கிடைக்கும். நம் தீவைச் சுற்றிப் பவளத்திட்டு இருப்பதால் ஒரே கடல் இங்கே இடத்துக்கு இடம் வேறு மாதிரி ஒலிக்கிறது, அதில் மூன்றை மட்டும் வைத்தே பத்து நிமிடப் படைப்பு செய்துவிடலாம்.

முதலில் மேற்குக் கரையிலுள்ள ஃபிளிக் ஆன் ஃபிளாக். தென்கிழக்குக் காற்று பலமாக இருக்கும் மாதங்களிலும் மேற்குக் கரை கொஞ்சம் அடங்கியிருக்கும். அலை உடைவது தூரத்துத் திட்டில்தான், அதனால் கரையில் கேட்பது விடாத ஒரு தாழ்ந்த உறுமல். விடியற்காலையில் போங்கள், ஞாயிறு பகலில் போனால் பிக்னிக் வந்தவர்களின் செகா (நம் தீவின் நாட்டுப்பாட்டு) தான் பதிவாகும் (அதுவும் நல்ல சரக்குதான், வேறொரு படைப்புக்கு). மைக்குக்கு ரோம உறை கட்டாயம், ஸ்பாஞ்சு போதாது. ரெக்கார்டரில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள், ஒலி அளவின் உச்சம் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்ட வேண்டாம். ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுத் தள்ளிப் போய் இருபது நிமிடம் உட்காருங்கள், கையில் பிடித்தால் விரல் உரசுவதுகூட உள்ளே வந்துவிடும்.

அப்புறம் அதே இடத்தில் தண்ணீருக்கு அடியில். ஹைட்ரோஃபோன் (தண்ணீருக்குள் பதியும் மைக்) விலை அதிகம் என்றால், அதிர்வை மின்சாரமாக்கும் பியெசோ தட்டு ஒன்றில் வயரைப் பற்றவைத்து, தண்ணீர் புகாதபடி ரப்பர் பூச்சு கொடுங்கள். சாதாரண மைக் இன்புட்டில் செருகினால் பாஸ் (தாழ்ந்த ஒலி) செத்துப்போகும், ஆனால் நமக்கு வேண்டியது மேல்ஸ்தாயிதான். பாறை, பவள ஓரமாக இறக்கினால் சூடான எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் ஒரு படபடப்பு கேட்கும். மீன் இல்லை, விரல் நீள இறால்கள். பெரிய கொடுக்கை அவை மூடும் வேகத்தில் தண்ணீரில் ஒரு குமிழி உண்டாகி நொறுங்குகிறது, அந்த நொறுங்கல்தான் சத்தம்.

மூன்றாவது, தெற்கே கிரி-கிரி. அங்கே திட்டு விட்டுப்போயிருப்பதால் அலை நேராகப் பாறையில் மோதுகிறது. தாழ்ந்த ஒலியை வடிகட்டிவிடும் லோ-கட் பொத்தானை அணைத்துவிடுங்கள், அந்த அடித்தொண்டை இடிக்காகத்தானே போகிறோம். மேலேயே நில்லுங்கள், நல்ல சத்தத்துக்காகக் கீழே இறங்க வேண்டாம்.

எடிட்டிங்குக்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். உறுமலை அடியில் முழுநீளத்துக்கும் ஓடவிடுங்கள். இறால் சத்தத்தைக் கால் வேகத்துக்குக் குறைத்தால் இரண்டு ஸ்தாயி இறங்கி, படபடப்பு தனித்தனித் தட்டல்களாகப் பிரியும். 96இல் பதிவுசெய்யச் சொன்னது இதற்காகத்தான், அப்போதுதான் மெதுவாக்கினாலும் மேல்ஸ்தாயி மங்காது. கிரி-கிரி இடி ஒரே ஒரு முறை, ஏழாவது நிமிடத்துக்கு மேல். ரிவெர்ப் (எதிரொலி) போடாதீர்கள், தூரம் பதிவிலேயே இருக்கிறது. 1948இல் ரயில் ஓசைகளை வெட்டி ஒட்டி இசையாக்கிய பியர் ஷேஃபர், ஓசை எதிலிருந்து வந்தது என்பதை மறந்து கேட்கச் சொன்னவர். என் கட்சி, இடங்களின் ஒலியை வைத்தே இசையமைக்கும் ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப் பக்கம்: எந்த இடம் என்று காதுக்குத் தெரிய வேண்டும்.

கடைசியில் போன் ஸ்பீக்கரிலும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். உறுமல் காணாமல் போயிருந்தால் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் தூக்கிவிடுங்கள், சரியாகிவிடும்.