கோவையில் கொரியா, ஜப்பான் சாப்பாடு: காசும் ருசியும் வீணாகிற இடங்கள்

24.11.26. பாக்கெட்டின் பின்பக்கம் இப்படி அச்சாகியிருந்தால் நம்மில் பலரும் 2026 நவம்பர் 24 என்று படித்துவிட்டுக் கூடையில் போட்டுவிடுவோம். கொரியாவிலும் ஜப்பானிலும் தேதியை வருடத்திலிருந்து தொடங்கி எழுதுவார்கள். ஆகவே அது 2024 நவம்பர் 26. ஆர்.எஸ்.புரமோ அவிநாசி ரோடோ, இறக்குமதிச் சாமான் விற்கும் கடைக்குள் நுழைந்தால் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, இதைத்தான்.

கொரியாவில் 2023 ஜனவரி 1 வரைக்கும் பாக்கெட்டில் இருந்தது ‘இதுவரை விற்கலாம்’ என்கிற தேதி. அது தாண்டினாலும் சாப்பிடக் கொஞ்ச நாள் மிச்சம் இருக்கும். அதற்குப் பிறகு ‘இதுவரை சாப்பிடலாம்’ என்கிற தேதிக்கு மாறிவிட்டார்கள். ‘கொரியன் ஐட்டம், தேதி போனாலும் ஒன்றும் ஆகாது’ என்று கடைக்காரர் சொன்னால் அது பழைய கதை. ஜப்பான் பாக்கெட்டில் இரண்டு வகைத் தேதி உண்டு: ஒன்று ருசி குறையாமல் இருக்கும் நாள், மற்றது அதற்கு மேல் சாப்பிடவே கூடாத நாள். எழுத்து புரியாவிட்டால் போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பார்த்துவிடலாம், அரை நிமிட வேலை.

இறக்குமதியாளர் பெயர், முகவரி, எஃப்எஸ்எஸ்ஏஐ எண், சைவ அசைவக் குறி ஆகியவை உள்ள ஸ்டிக்கர் இல்லாத பாக்கெட்டை எடுக்க வேண்டாம். எந்த நாட்டில் செய்தது என்பதையும் பாருங்கள். ஜப்பான் கடை என்று நினைத்துக்கொண்டு பலர் போகிற மினிசோ சீன நிறுவனம். பொருள் நன்றாயிருந்தால் வாங்குங்கள், ஜப்பான் என்று சொல்லிப் பரிசளிக்காமல் இருந்தால் சரி.

‘வெஜ்ஜா?’ என்று கேட்பது போதாது

புரட்டாசி மாதம் ஹோட்டலில் உட்கார்ந்து ‘வெஜ் இருக்குங்களா?’ என்று கேட்டால், இருக்கு என்றுதான் பதில் வரும். தட்டில் கறித்துண்டு இல்லை என்பது மட்டுமே அதற்கு அர்த்தம். ஜப்பானின் மிசோ என்பது சோயாவைப் புளிக்கவைத்த விழுது, அதுவரை சைவம். அதைக் கரைக்கிற டாஷி என்னும் தண்ணீர் வழக்கமாக, காய்ந்த போனிட்டோ மீனைச் சீவிப் போட்டு எடுத்தது. காரச் சாஸில் வேகும் கொரிய அரிசிக் கொழுக்கட்டையான தொக்பொக்கிக்கு நெத்திலிக் கருவாட்டுத் தண்ணீர். முட்டைக்கோஸைப் புளிக்கவைத்த கிம்ச்சியில் மீன் சாஸும் உப்பில் ஊறிய பொடி இறாலும் சேரும். எனவே கேட்க வேண்டிய கேள்வி: ‘சூப்புத் தண்ணி எதுல போட்டதுங்க?’ பரிமாறுபவருக்குத் தெரியாவிட்டால் சமையலறையில் கேட்டு வரச் சொல்லுங்கள். கடையில் மிசோ டப்பா வாங்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். டாஷி கலந்தே விற்கிற வகையும் உண்டு.

வீட்டில் சைவ டாஷி சுலபம். ஒரு லிட்டர் தண்ணீரில் ‘கொம்பு’ என்னும் கடற்பாசி 10 கிராமும் மூன்று நான்கு காய்ந்த ஷிட்டாகே காளானும் அரை மணி நேரம் ஊறட்டும். பிறகு சிறு தீயில் சூடாக்கி, கொதி வரும் முன்பே கடற்பாசியை எடுத்துவிட வேண்டும். கொதிக்க விட்டால் வழவழப்பும் கசப்பும் இறங்கிவிடும். மிசோவை அடுப்பை அணைத்த பிறகுதான் கரைக்க வேண்டும், ஒரு கிண்ணத்துக்கு ஒரு மேசைக்கரண்டி. ரசத்தை நுரை கட்டும்போது இறக்கிவிடுகிற கை, இதை மட்டும் ஏனோ குழம்பு மாதிரி தளதளவென்று கொதிக்கவிடுகிறது. கொதித்தால் வாசம் ஆவியோடு போய் உப்புக் கரைசல்தான் மிஞ்சும். கொரியாவின் சோயா விழுதான தொன்ஜாங் அப்படியல்ல. அது கொதிக்கக் கொதிக்கத்தான் சேரும், ஆகவே இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

மிளகாய் ஒன்றல்ல

அதிகம் சொதப்புகிற இடம் இது. கொச்சுகாரு என்னும் கொரிய மிளகாய்த்தூள் விதை நீக்கி, கொரகொரவென்று உடைத்தது; நிறம் அதிகம், காரம் குறைவு, லேசான இனிப்பு. நாம் மில்லில் கொடுத்து விதையோடு நைசாக அரைத்து வருவதை அதே அளவு போட்டால், காரம் தாங்காது என்பது பாதிப் பிரச்சினைதான். மாவு போல் கரைந்து சாஸ் சேறாகிவிடும். மாற்று வேண்டுமென்றால் காஷ்மீரி அல்லது பியாட்கி மிளகாயை விதை தட்டிவிட்டு, மிக்சியில் விட்டு விட்டு ஓட்டிக் கொரகொரப்பாக எடுங்கள்.

கொச்சுஜாங் வேறு சரக்கு. மிளகாயோடு அரிசியும் சோயாவும் சேர்த்துப் புளிக்கவைத்த கெட்டி விழுது, இனிப்பும் உண்டு. அதை எண்ணெயில் போட்டு ‘பச்சை வாசம் போக’ வதக்கினால் ஒரே நிமிடத்தில் அடிபிடித்துக் கசந்துவிடும். தாளிப்பும் வேண்டாம். தொக்பொக்கிக்கு அளவு இதுதான்: அரிசிக் கொழுக்கட்டைத் துண்டு 400 கிராம், தண்ணீர் 600 மில்லி, கொச்சுஜாங் மூன்று மேசைக்கரண்டி, கொச்சுகாரு, சர்க்கரை, சோயா சாஸ் தலா ஒரு மேசைக்கரண்டி. துண்டுகளை வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைக்காமல் போட்டால் வெளியே குழைந்து உள்ளே ரப்பராக இருக்கும். சாஸைத் தண்ணீரில் கரைத்துக் கொதித்ததும் போட்டு, 10 முதல் 12 நிமிடம் அடி கிளறிக்கொண்டே இருங்கள். சுடச்சுடத் தின்றுவிட வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்தால் கல்லாகிவிடும், மறுநாள் தண்ணீர் விட்டுக் காய்ச்சினால்தான் இளகும்.

நூடுல்ஸில் தண்ணீர் அளவு

‘இரண்டு நிமிடப்’ பழக்கம் இங்கே உதவாது. ஷின் ராம்யொன் சூப் வகை: 550 மில்லி தண்ணீர், நாலரை நிமிடம். கண்ணளவில் ஒரு டம்ளர் விட்டால் உப்புக் கரிக்கும். சாம்யாங்கின் புல்டாக் நேர்மாறு. 600 மில்லியில் ஐந்து நிமிடம் வேகவைத்து, எட்டுக் கரண்டி தண்ணீரை மட்டும் நிறுத்தி மிச்சத்தை வடித்துவிட்டு, பிறகுதான் சாஸ் ஊற்றி அரை நிமிடம் புரட்ட வேண்டும். கரண்டி என்றால் சாப்பிடுகிற ஸ்பூன், குழம்புக் கரண்டி அல்ல! முழுவதும் வடித்தால் சாஸ் நூலில் ஒட்டாமல் திட்டுத்திட்டாக நிற்கும். இதன் கடுங்கார வகைகள் மூன்றை 2024 ஜூனில் டென்மார்க் அரசு அளவுக்கு மீறிய காரம் என்று கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னது. பிறகு சிலவற்றுக்கு விலக்கு கொடுத்தது. பந்தயம் கட்டிக் குழந்தைகளுக்கு ஊட்ட வேண்டாம்.

அரிசியும் எண்ணெயும்

பொன்னி, இட்லி அரிசி, சீரக சம்பா எதுவும் சாதத்தோடு மீனோ காயோ வைக்கும் ஜப்பான் சூஷிக்கோ, சாதத்தைக் கடற்பாசித் தாளில் சுருட்டும் கொரியக் கிம்பாப்புக்கோ ஒட்டாது. புழுங்கலரிசி அறவே கூடாது. ஜப்பானியக் குட்டை அரிசியை மூன்று நான்கு முறை கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு ஒன்றே கால் பங்குக்கும் குறைவாகத் தண்ணீர் விட்டு, மூடிய பாத்திரத்தில் சிறு தீயில் வேகவிட வேண்டும். அரிசிம்பருப்புக்கு வைப்பது போல் மூன்று விசில் விட்டால் களியாகிவிடும். அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் மூடியைத் திறக்காதீர்கள்.

அடுத்த குழப்பம் வினிகர். சூஷி சாதத்தில் வினிகர், சர்க்கரை, உப்பு சேரும்: 300 கிராம் அரிசிக்கு நான்கு மேசைக்கரண்டி, இரண்டு மேசைக்கரண்டி, ஒரு தேக்கரண்டி. கிம்பாப் சாதத்தில் இன்று வழக்கமாக எள்ளெண்ணெயும் உப்பும்தான். அந்த எள்ளெண்ணெய் நம்ம நல்லெண்ணெய் அல்ல. அவர்கள் எள்ளை வறுத்துப் பிழிகிறார்கள். நம் செக்கில் வறுக்காத எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டுகிறோம், அதன் இனிப்பு வாசம் தோசைக்குப் பொருந்தும், கிம்பாப்பில் தனியாகத் தெரியும். வறுத்த எண்ணெயைப் பொரிக்கவும் பயன்படுத்தக் கூடாது, இறக்கும்போது சில துளிகள் போதும்.

கிம்பாப்பின் நடுவே வருகிற மஞ்சள் முள்ளங்கி ஊறுகாயை விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. ஈரோட்டு மஞ்சளை வைத்துக்கொண்டு சாயம் போட்ட பாக்கெட்டை வாங்குவானேன்? அரைக் கிலோ முள்ளங்கியை விரல் நீளத்துக்கு நறுக்கி, தண்ணீரும் வினிகரும் தலா ஒரு கப், சர்க்கரை முக்கால் கப், உப்பு ஒன்றரை மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி கொதிக்கவைத்து ஊற்றி, ஆறியதும் ஃப்ரிட்ஜில் ஒரு நாள் வையுங்கள்.

கிம்ச்சி நம்மூர் வெயிலில்

ஊட்டிச் சீன முட்டைக்கோஸ் கோவையில் கிடைக்கிறது, ஆகவே வீட்டிலேயே போடலாம். ஒரு கிலோவுக்கு 80 கிராம் கல்லுப்பு தூவி இரண்டு மணி நேரம், அரை மணிக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். தண்டை வளைத்தால் ஒடியாமல் வளைய வேண்டும். ஒடிந்தால் இன்னும் ஊறவில்லை. மூன்று தண்ணீரில் அலசி நன்றாக வடியவிடாவிட்டால் மசாலா நீர்த்துவிடும். கொரியக் குறிப்புகளில் ‘வெளியே இரண்டு நாள்’ என்று இருக்கும், அது அவர்கள் ஊர்க் குளிருக்கு. இட்லி மாவு பொங்குகிற கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்: சித்திரையில் ஈரோடு, கரூர்ப் பக்கம் எட்டு மணி நேரம், மார்கழியில் கோவையில் ஒரு நாள், பிறகு ஃப்ரிட்ஜ். பாட்டிலில் முக்கால்தான் நிரப்ப வேண்டும். வாயு சேரும், தினம் ஒருமுறை மூடியைத் தளர்த்துங்கள்.

பச்சை மீன் விஷயத்தில் விளையாட வேண்டாம். உக்கடம் மார்க்கெட்டில் விடியற்காலை வந்து இறங்கியதே ஆனாலும் அது குழம்புக்கான மீன். புதிதாக இருப்பதற்கும் புழு இல்லாமல் இருப்பதற்கும் சம்பந்தமில்லை. பச்சையாகத் தின்ன வேண்டிய மீனை மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறையவைக்கச் சொல்கிறது அமெரிக்க உணவுத்துறை. வீட்டு ஃப்ரீசர் அந்தக் குளிரில் நிலையாக நிற்பதில்லை. வீட்டுச் சூஷிக்கு வெள்ளரி, முட்டை, வேகவைத்த இறால் போதும்.

மேசையில்

குச்சிகளைச் சாதத்தில் ஊதுபத்தி போல் செங்குத்தாக நட்டுவைப்பது இரண்டு நாட்டிலும் இழவு வீட்டுக் காட்சி. ஜப்பானில் ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்குப் பண்டத்தைக் கைமாற்றுவதும் அப்படித்தான். எரித்தபின் எலும்பை அப்படி எடுப்பார்கள், நம்ம காடாத்து மாதிரி. கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிடுவது ஜப்பானில் மரியாதை, கொரியாவில் மரியாதைக் குறைவு. சூஷியைச் சோயா சாஸில் தொடும்போது மீன் பக்கம் தொட வேண்டும், சாதம் பக்கம் தொட்டால் உதிர்ந்து சாஸில் மிதக்கும். கூடவே வருகிற இஞ்சித் துண்டு நம் ஊறுகாய் போல் தொட்டுக்கொள்ள அல்ல, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே வாயைத் துடைக்க.

கொரிய ஹோட்டலில் சின்னக் கிண்ணங்களில் முதலில் வருகிற பன்ச்சானுக்குக் கொரியாவில் தனிக் காசு கிடையாது, தீர்ந்தால் மறுபடி கேட்கலாம். இங்கே எல்லா ஹோட்டலும் அப்படி இல்லை, ஆகவே இரண்டாம் முறை கேட்கும் முன் ‘இதுக்குத் தனியா போடுவீங்களா?’ என்று கேட்டுவிடுங்கள். மேசையிலேயே சுடுகிற கறியைப் பல இடங்களில் குறைந்தது இரண்டு பேர் அளவுக்குத்தான் தருவார்கள், தனியாகப் போகிறவர்கள் மெனுவின் அடியில் உள்ள சின்ன எழுத்தைப் படித்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். கறியை நறுக்கக் கத்தரிக்கோல்தான் வரும். பெரிய துண்டாகச் சுட்டு, வெந்தபிறகு நறுக்குங்கள். முன்பே நறுக்கிப் போட்டால் சாறெல்லாம் கம்பி வழியே போய்விடும்.