லிஃப்ட் இல்லாத பிக்கப்புக்கு ஆல்-டெரெய்ன் டயர்: கடையில் உரசாதது மலையில் உரசும்

சென்ற மாதம் கொல்லிமலையின் காரவள்ளி அடிவாரத்தில் ஓர் இளைஞர் தன் பிக்கப்பின் முன் சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கைப்பேசி வெளிச்சத்தை மட்கார்டுக்குள் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காலடியில் கறுப்புப் பிளாஸ்டிக் துருவல் சுருள் சுருளாக உதிர்ந்து கிடந்தது. சுட்ட ரப்பர் வாடை. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய அதே இடத்தில் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

"புது டயரா, தம்பி?"

"ஆமாம் அண்ணா, போட்டுப் பத்து நாள்தான் ஆகிறது. கடையில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்தோம், எங்கேயும் படவே இல்லை."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குப் பழைய எரிச்சல் திரும்ப வந்துவிட்டது. சோளக்காட்டிலிருந்து மிளகும் வாழைத்தாரும் ஏற்றி நாமக்கல் இறக்குவதுதான் என் பிழைப்பு. வண்டியை லிஃப்ட் செய்யும், அதாவது தூக்கிக் கட்டும் எண்ணம் எனக்கு இல்லை. பாரம் ஏற்றும் வண்டியின் உயரத்தைக் கூட்டினால் வளைவில் சாயும். தவிர, தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. என்னைப் போலவே இருக்கிற உயரத்தில், தாருக்கும் மண்பாதைக்கும் சேர்த்துச் செய்த நல்ல ஆல்-டெரெய்ன் டயர் தேடுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். தயாரிப்பு வாரத்தைப் பார்த்து வாங்குங்கள், பேலன்சிங் செய்யுங்கள் என்பதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாத தவறுகளைத்தான் ஒவ்வொன்றாகக் கீழே தருகிறேன்.

நின்ற வண்டியில் உரசல் பார்ப்பது

என் வண்டியில் வந்த அளவு 265/65 ஆர்17, அதாவது அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 65 சதவிகிதம், ரிம் 17 அங்குலம். நான் போட்டது 265/70 ஆர்17. கணக்குப் போட்டால் பழைய டயரின் மொத்த உயரம் 776 மில்லிமீட்டர், புதியது 803. மேலே 13, முன்னே 13, பின்னே 13 மில்லிமீட்டர் கூடுகிறது, அவ்வளவுதான். அகலம் அதே 265 என்பதால் உள்பக்கம் மேல் ஆர்மில் (சக்கரத்தை மேலே தாங்கிப் பிடிக்கும் கை) இடிக்கும் பயமும் இல்லை. இதுவரை நான் செய்தது சரியான தேர்வு என்றே இன்றும் சொல்வேன்.

தவறு அதற்குப் பிறகு நடந்தது. புது டயருக்குப் புது ரிம்மும் போட்டால் பார்வையாக இருக்கும் என்று கடையில் சொன்னார்கள், நானும் சம்மதித்தேன். புது ரிம்மின் ஆஃப்செட் பழையதைவிட 20 மில்லிமீட்டர் குறைவு. அதாவது சக்கரம் அந்த அளவுக்கு வெளியே தள்ளி நிற்கும். ஸ்டியரிங் ஒடிக்கும்போது சக்கரம் தன் நடுவில் நின்று சுழல்வதில்லை. உள்ளே இருக்கும் பால் ஜாயின்ட் அச்சைச் சுற்றித்தான் திரும்புகிறது. அந்த அச்சிலிருந்து சக்கரம் விலக விலக, டயரின் தோள் (தரையில் படும் பரப்பும் பக்கச் சுவரும் சேரும் விளிம்பு) பெரிய வட்டம் போடும். அந்த வட்டத்தின் வழியில் முன்னால் பம்பரின் கீழ் மூலையும் பின்னால் மட்கார்டு உறையும் மட் ஃப்ளாப்பும் நிற்கின்றன.

கடையின் சமதளத் தரையில், காலி வண்டியில், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துப் பார்த்தோம். ஒரு விரல் இடைவெளி இருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

காரவள்ளியிலிருந்து மேலே போகிற சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் 600 கிலோ வாழைத்தாருடன் இறங்கும்போதுதான் ஆரம்பித்தது. வலப்பக்கம் திரும்பும் வளைவில் இடது முன் சக்கரத்தில் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். இடப்பக்கம் திரும்பினால் வலது சக்கரத்தில். இறக்கத்தில் பிரேக் பிடித்தபடி திரும்பும்போது வண்டியின் மூக்கு தாழ்கிறது, வளைவின் வெளிப்பக்கச் சக்கரம் ஸ்பிரிங்கை நசுக்கி மேலே ஏறுகிறது, அதே நேரம் அதன் தோளும் திரும்பி மட்கார்டு உறையில் பாய்கிறது. நின்ற வண்டியில் சக்கரம் திரும்புவது மட்டும்தான் நடக்கிறது, மற்ற இரண்டும் நடப்பதில்லை. கடையில் பார்த்த அந்த ஒரு விரல் இடைவெளி வெறும் ஏமாற்று.

இதில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. சாதாரண நெடுஞ்சாலை டயரின் தோள் உருண்டையாக இருக்கும். ஆல்-டெரெய்ன் டயரின் தோளில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் புடைப்பு, கட்டைகட்டையாக, சதுரமாக நிற்கும். ஆகவே ஒரே எண் அச்சிட்ட இரண்டு டயர்கள் ஒரே இடத்தைப் பிடிப்பதில்லை. செம்மண் ஒட்டி, சரளைக்கல் சிக்கிய பிறகு இன்னும் கொஞ்சம் தடிக்கும்.

இன்றுவரை என்னை உறுத்துவது இதற்கடுத்து நான் செய்தது. குற்றம் டயருடையது என்று முடிவு கட்டி, ஐந்து டயரையும் பாதி விலைக்கு விற்றேன். புது ரிம்மை வைத்துக்கொண்டு பழைய அளவு டயரையே திரும்ப வாங்கினேன். உரசல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. பழைய ரிம் வீட்டுப் பரணில் சாக்கு போர்த்திக் கிடந்தது! அதைத் திரும்ப மாட்டியிருந்தால் ஒரு ரூபாய் செலவு இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு எட்டு மாதம் பிடித்தது.

ஆகவே வரிசை இதுதான். முதலில் டயரை மட்டும், பழைய ரிம்மிலேயே மாட்டுங்கள். ஒரே ஒரு முன் டயரை மாட்டியதும் நிறுத்தி, மற்றவற்றை மாட்டுவதற்கு முன் சோதனை செய்யக் கடைக்காரரிடம் கேளுங்கள். முதலிலேயே பேசிவிட்டால் நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். டயரின் இரண்டு தோள்களிலும் ஈரச் சாக்பீஸைத் தாராளமாகத் தேயுங்கள். அந்தச் சக்கரத்தை நடைபாதை விளிம்பின் மீதோ ஒரு மரக்கட்டையின் மீதோ ஏற்றி, பானெட்டின் அந்த மூலையில் இரண்டு பேர் அழுத்த, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பியபடி மெதுவாக ஓரடி முன்னே, ஓரடி பின்னே நகர்த்துங்கள். பிறகு குனிந்து பாருங்கள். எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அங்கே நாளை உரசும். பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு: பம்பரின் கீழ் மூலை, சக்கரத்துக்குப் பின்னால் மட்கார்டு உறை சேரும் இடம், மேல் ஆர்ம், சேஸிஸ் பக்கம்.

மட் ஃப்ளாப்பில் மட்டும் வெள்ளை இருந்தால் வெட்டி விடலாம், ஒன்றும் ஆகாது. மட்கார்டு உறையைப் பிய்த்து எறியாதீர்கள். சில வண்டிகளில் அதற்குப் பின்னால் ஒயரிங் போகிறது.

'எல்டி' என்றால் எப்போதும் மேல் என்று நினைப்பது

அளவுக்கு முன்னால் எல்டி என்று போட்டிருக்கும் டயர்கள் பாரவண்டிக்கானவை. 265/70 ஆர்17 அளவில், பார வகை 'இ' எல்டி டயரின் பாரக் குறியீடு 121. அதாவது ஒரு டயருக்கு 1,450 கிலோ. என் வண்டியோடு வந்த 112 குறியீட்டு டயரே 1,120 கிலோ தாங்கும். நான்கையும் கூட்டினால் 4,480 கிலோ. நம் பிக்கப்புகள் சட்டப்படி முழுப் பாரம் ஏற்றினாலும் மூன்று டன்னைத் தாண்டுவது அரிது.

அந்தக் கூடுதல் பலத்துக்கு ஒரு டயருக்கு நான்கைந்து கிலோ எடை விலையாகக் கொடுக்கிறோம். அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே சேர்கிறது. காலி வண்டி ஒவ்வொரு குழியிலும் குதிக்கும், பிரேக் பிடிக்க நேரமாகும். எஸ்டேட் பாதையில் கூரான கருங்கல் மீது தினமும் போகிறவர் எல்டி வாங்கட்டும், அவருக்குப் பக்கச் சுவர் கிழியாமல் இருப்பது முக்கியம். வாரம் ஒருமுறை மண்பாதையும் மீதி நாள் நெடுஞ்சாலையும் என்றால் சாதாரண வகை ஆல்-டெரெய்னே போதும். 'இ' வகை டயரைப் பத்து பிளை என்று சொல்லும் பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பலத்தின் தரக் குறியீடு, உள்ளே பத்து அடுக்கு இருப்பதில்லை.

டயரில் எழுதியிருக்கும் அழுத்தத்தை நிரப்புவது

80 பிஎஸ்ஐ என்று டயரில் இருப்பது உச்ச வரம்பு. அதை நிரப்பாதீர்கள்.

கரடுமுரடான பட்டனைப் பார்த்து மயங்குவது

பட்டன் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பிடிமானம் என்பது சேற்றில் உண்மை. ஈரத் தாரில் பிடிமானம் தருவது ரப்பரின் மென்மையும் பட்டன் மேல் கத்தியால் கீறியது போல் ஓடும் மெல்லிய வெட்டுகளும்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாமக்கல்–சேலம் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடிக்கப் போகிறோம். கடையில் டயரை விரலால் தடவி, அந்த வெட்டுகள் எத்தனை, எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். மலையும் பனிச்செதிலும் வரைந்த முத்திரை பனிப்பொழிவுக்கானது, கொல்லிமலைக்குத் தேவையில்லை.

இரண்டு டயர் மட்டும் மாற்றுவது

நான்கு சக்கர இயக்கத்தில் முன் அச்சும் பின் அச்சும் பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுற்றும் வண்டிகளில் கூடாது. புதிய பட்டன் 12 மில்லிமீட்டர், தேய்ந்தது 4 என்றால் விட்டத்தில் 16 மில்லிமீட்டர் வித்தியாசம். இழுபறி முழுவதும் இரண்டு அச்சுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் தலையில்தான் விழும்.

ஸ்டெப்னி

ஐந்தாவதையும் வாங்குங்கள். வாங்கும் முன் அது பெட்டிக்கு அடியில் சங்கிலியில் ஏறுகிறதா, சைலன்சரில் படுகிறதா என்று பாருங்கள்.

மைலேஜ் கணக்கைப் பழைய மீட்டரில் போடுவது

டயர் 3.4 சதவிகிதம் பெரிதானால், மீட்டர் 967 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி 1,000 ஓடியிருக்கும். இதைச் சேர்க்காமல் 'மைலேஜ் விழுந்துவிட்டது' என்று டயரைத் திட்டுகிறவர்கள் நிறைய. கொஞ்சம் குறையத்தான் செய்யும், ஆனால் மீட்டர் சொல்கிற அளவுக்கு இல்லை. வேகமும் அப்படியே: முள் 100 காட்டினால், முன்பு அதே 100இல் போனதைவிட 3.4 சதவிகிதம் வேகமாகப் போகிறீர்கள்.

காரவள்ளி இளைஞரிடம் நான் முதலில் கேட்டது பழைய ரிம் எங்கே என்றுதான். கடையிலேயே இருக்கிறதாம், இன்னும் விற்கவில்லை. அன்று மாலையே போய் அதே டயர்களைப் பழைய ரிம்மில் மாற்றிக்கொண்டு, சாக்பீஸ் தேய்த்துப் பார்த்துப் படம் அனுப்பினார். மட் ஃப்ளாப்பின் உள்விளிம்பில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு. அதை வெட்டிவிட்டு மறுவாரம் பலாப்பழ பாரத்துடன் 70 வளைவும் இறங்கியிருக்கிறார், சத்தம் இல்லை. புது ரிம்களுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.