டெக்சஸில் கோர்ட்டுக்கு ஆன்லைனில் மனு போடுவதும் கவுண்டி ஆவணம் தேடுவதும்: புதிதாக வந்தவர்களுக்கு

வாடகை வீட்டைக் காலி செய்து இரண்டு மாதமாகியும் டெபாசிட் வரவில்லை. ஊரில் பாஸ்போர்ட் வேலைக்காகத் திருமணச் சான்றில் அபாஸ்டில் (வெளிநாட்டில் ஏற்பதற்காக இங்குள்ள அரசு போடும் சான்று) வேண்டும். வீடு வாங்கிய மறுமாதமே "பத்திர நகலுக்குப் பணம் அனுப்பவும்" என்று முத்திரையெல்லாம் போட்ட கடிதம் வருகிறது. டெக்சஸில் குடியேறும் தமிழ்க் குடும்பங்கள் கவுண்டி அலுவலகத்தையும் கோர்ட்டையும் முதலில் சந்திப்பது பெரும்பாலும் இப்படித்தான். இவற்றில் பாதிக்கு மேல் வீட்டில் கணினி முன் உட்கார்ந்தே முடிக்கலாம். ஆனால் தவறான அலுவலகத்துக்கு அனுப்பினாலோ, பெயரை மாற்றி எழுதினாலோ வாரக்கணக்கில் இழுக்கும்.

முதலில் எந்தக் கவுண்டி என்று பாருங்கள்

டெக்சஸில் 254 கவுண்டிகள் உள்ளன. ஊர் பெயரை வைத்துக் கவுண்டியை முடிவு செய்யாதீர்கள். ஃபிரிஸ்கோ நகரம் காலின், டென்டன் என இரண்டு கவுண்டிகளில் கிடக்கிறது. ஹூஸ்டன் பக்கம் கேட்டி என்று சொல்லும் பகுதி ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என மூன்றில் பரவியிருக்கிறது. தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு கவுண்டி, இந்தப் பக்கம் இன்னொன்று என்று இருப்பது சாதாரணம். அந்தந்தக் கவுண்டியின் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் (சொத்து வரிக்காக வீட்டை மதிப்பிடும் அலுவலகம்) இணையதளத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். வீடு எந்தக் கவுண்டியில் இருக்கிறதோ அங்கேதான் காட்டும்.

அடுத்தது அலுவலகம். நிலப் பத்திரம், அடமானப் பத்திரம், கடன் தீர்ந்த விடுவிப்புப் பத்திரம், திருமண உரிமம், கடைப்பெயர்ப் பதிவு, உயில் வழக்கு எல்லாம் கவுண்டி கிளார்க்கிடம். விவாகரத்து, குழந்தைக் காவல், பெரிய சிவில் வழக்கு, பெரிய குற்ற வழக்கு எல்லாம் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். மிகச் சிறிய கவுண்டிகளில் இரண்டையும் ஒருவரே பார்ப்பார். 20,000 டாலர் வரையிலான வழக்கும், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கும் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் கோர்ட்டில் நடக்கும். எல்லோரும் ஜேபி கோர்ட் என்றுதான் சொல்வார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் இங்கே வில்லங்கச் சான்று எங்கே கிடைக்கும் என்று கேட்பதுண்டு. அப்படி ஒரு சான்றை இங்கே அரசு தருவதில்லை. கவுண்டி கிளார்க் பத்திரத்தைப் பதிந்து, கொடுத்தவர் பெயரிலும் வாங்கியவர் பெயரிலும் அட்டவணைப்படுத்தி வைப்பார். அதைப் புரட்டி வில்லங்கம் பார்ப்பது டைட்டில் கம்பெனியின் வேலை. அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் உங்கள் பெயர் வருவதும் பட்டா ஆகாது, அது வரி மதிப்பீட்டுக்கான பதிவுதான். உரிமையைச் சொல்வது கவுண்டி கிளார்க்கிடம் பதிவான பத்திரம்.

நோட்டரி விஷயத்திலும் கவனம் வேண்டும். இந்தியாவில் நோட்டரி என்றால் வக்கீல். இலங்கையில் நொத்தாரிசுதான் உறுதியே எழுதுவார். டெக்சஸில் நோட்டரி பப்ளிக் என்பவர் நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்கள் என்று சாட்சி சொல்பவர், அவ்வளவுதான். வக்கீலாக இல்லாத நோட்டரி உங்களுக்கு மனு எழுதித் தரவோ சட்ட ஆலோசனை சொல்லவோ கூடாது. பணம் வாங்கிக்கொண்டு செய்கிறேன் என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள்.

பெயர்: நம்மவர்களுக்கு இங்கேதான் சிக்கல்

கவுண்டிப் பதிவுகள் எல்லாம் கடைசிப் பெயரை வைத்து அடுக்கப்பட்டவை. நமக்கோ கடைசிப் பெயர் என்ற ஒன்றே கிடையாது. இனிஷியல் விரிந்து அப்பா பெயர் கடைசிப் பெயராகியிருக்கும், அல்லது பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். காலியாக இருந்தால் விசாவில் முழுப் பெயரும் கடைசிப் பெயராகி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்-என்-யூ என்ற மூன்றெழுத்து உட்கார்ந்துவிடும். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. கார்த்திகேயன் முருகேசன் என்பவரின் பத்திரம் ஒரு கவுண்டியில் முருகேசன் என்பதன் கீழும், இன்னொன்றில் கார்த்திகேயன் என்பதன் கீழும், மூன்றாவதில் எஃப்-என்-யூ என்பதன் கீழும் கிடைக்கலாம்.

ஆகவே தேடும்போது எல்லா வரிசையிலும் தேடுங்கள். ழகரத்தை இசட்-ஹெச் என்றும் வெறும் எல் என்றும், தகரத்தை ஹெச் சேர்த்தும் சேர்க்காமலும் போட்டுப் பாருங்கள். பல கவுண்டித் தளங்களில் எழுத்து அப்படியே பொருந்தினால்தான் விடை வரும். முழுப் பெயருக்கு ஒன்றும் வராவிட்டால் முதல் நான்கைந்து எழுத்தை மட்டும் கொடுங்கள்.

நீங்களே பத்திரமோ மனுவோ கொடுக்கும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரே எழுத்துக்கூட்டலைக் கடைப்பிடியுங்கள். டிரைவிங் லைசென்ஸில் வேறு மாதிரி இருந்தால் "இன்னொரு பெயர்" என்று அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். வீட்டை விற்கும் நாளில் இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று சத்தியப் பத்திரம் எழுதும் வேலை இதனால் பெரும்பாலும் மிச்சமாகும். உங்கள் பெயரில் ஏதாவது பதிவானால் மின்னஞ்சல் அனுப்பும் இலவச எச்சரிக்கைச் சேவை பல கவுண்டி கிளார்க் அலுவலகங்களில் இருக்கிறது. அதில் பெயரின் எல்லா வடிவங்களையும் தனித்தனியாகப் பதிந்து வையுங்கள்.

ஆன்லைனில் மனு போடுவது

மாநிலம் முழுக்க இதற்கு ஒரே அமைப்பு, இ-ஃபைல் டெக்சஸ். அதற்குள் நேராக நுழைய முடியாது. அங்கீகரிக்கப்பட்ட சேவை நிறுவனம் ஒன்றில் கணக்குத் தொடங்க வேண்டும். சில நிறுவனங்கள் கட்டணம் வாங்கும், இலவசமானதும் உண்டு. சிவில் வழக்கில் வக்கீல்கள் ஈ-ஃபைலிங்தான் செய்ய வேண்டும். வக்கீல் இல்லாமல் தானே வழக்காடுபவர்களுக்கு அது விருப்பம்தான், காகிதமாகவும் கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஜேபி கோர்ட் என்றால் அது ஈ-ஃபைலிங் ஏற்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெபாசிட் வழக்கையே எடுத்துக்கொள்வோம். வீட்டைக் காலி செய்த 30 நாளுக்குள் டெபாசிட்டைத் திருப்ப வேண்டும், பிடித்தம் செய்தால் கணக்குத் தர வேண்டும் என்பது டெக்சஸ் சட்டம். ஆனால் உங்கள் புதிய முகவரியை எழுத்தில் கொடுத்திருந்தால்தான் அந்தக் கடமை தொடங்கும். வாயால் சொன்னது செல்லாது. கெட்ட எண்ணத்தோடு பிடித்து வைத்தார்கள் என்று நிரூபித்தால் 100 டாலரோடு, தவறாகப் பிடித்த தொகையைப் போல மூன்று மடங்கு கேட்கலாம்.

யார் மீது வழக்கு? அபார்ட்மெண்ட் வாசலில் பலகையில் இருக்கும் பெயர் பெரும்பாலும் வியாபாரப் பெயர். உரிமையாளர் வேறொரு எல்எல்சியாக, அதாவது வேறு பெயரில் பதிவான நிறுவனமாக இருப்பார். அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் அந்த முகவரியைப் போட்டால் உரிமையாளர் பெயர் இலவசமாகக் கிடைக்கும். அந்தப் பெயரை மாநில கம்ப்ட்ரோலர் (மாநில வரி அலுவலகம்) தளத்தில் தேடினால் சம்மன் பெற்றுக்கொள்ளும் ரிஜிஸ்டர்டு ஏஜெண்ட்டின் முகவரியும் வரும். இந்த இரண்டையும் முடிக்காமல் மனு எழுத உட்காராதீர்கள். பலகைப் பெயர் மீது மட்டும் தீர்ப்பு வாங்கினால் பணம் வசூலிப்பது பெரும்பாடு.

பிறகு பிரிசிங்ட். ஒரு கவுண்டிக்குள்ளேயே பல ஜேபி கோர்ட்டுகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் உள்ள எல்லைதான் பிரிசிங்ட். வாடகை வீடு இருந்த முகவரிக்குரிய பிரிசிங்டைக் கண்டுபிடியுங்கள். ஈ-ஃபைலிங்கில் கோர்ட்டைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் இவை வரிசையாக ஒன்றுபோலவே தெரியும். எண்ணைப் பார்த்து அழுத்துங்கள்.

புதிய வழக்கா, ஏற்கெனவே உள்ள வழக்கா என்று அமைப்பு கேட்கும். உங்கள் மீது யாரோ போட்ட வழக்குக்குப் பதில் கொடுக்கும்போது புதிய வழக்கு என்று அழுத்திவிட்டால், கட்டணமும் போய், பதிலும் உரிய வழக்குக் கட்டில் சேராது. வழக்கு எண்ணைப் போட்டு உள்ளே போங்கள்.

ஜேபி கோர்ட்டில் மனுக் கட்டணம் 54 டாலர், டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டில் சாதாரண சிவில் வழக்குக்கு 350. கட்ட முடியாத நிலையில் இருப்பவர்கள் அதற்கான சத்தியப் பத்திரத்தை மனுவோடு சேர்த்துத் தரலாம். கட்டணத்தோடு முடிந்துவிடாது. எதிராளிக்குச் சம்மன் எழுதித்தரச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும், கான்ஸ்டபிள் கொண்டுபோய்க் கொடுக்கத் தனிக் கட்டணம். கோர்ட் அனுமதி பெற்ற தனியார் ஆளையும் வைக்கலாம். திரையில் "மின்னணு முறையில் சார்வு செய்" (எதிராளிக்குச் சேர்ப்பி) என்று ஒரு கட்டம் இருக்கும். அதைத் தட்டியதும் எதிராளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துப் பலர் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்தக் கட்டம் வழக்கு நடக்க ஆரம்பித்த பிறகு பரிமாறும் காகிதங்களுக்கு. முதல் மனு முறைப்படி சம்மனோடுதான் போக வேண்டும், அதை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கவும் கூடாது.

கோப்பு எப்படி இருக்க வேண்டும்

தேடக்கூடிய எழுத்துள்ள பிடிஎஃப். வேர்டில் எழுதியதை நேரே பிடிஎஃப் ஆக்குங்கள். அச்சிட்டு மறுபடி ஸ்கேன் செய்யாதீர்கள். ரசீது, ஒப்பந்தம் போன்றவற்றை ஸ்கேன் செய்யத்தான் வேண்டும், அதற்கு 300 டிபிஐ. கோப்புக்குப் பூட்டு, பாஸ்வேர்டு கூடாது. நம் போனில் இருக்கும் ஸ்கேன் ஆப் பெரும்பாலும் ஊரில் வைத்த ஏ4 அளவிலேயே நிற்கும். இங்கே எட்டரைக்குப் பதினொன்று அங்குல லெட்டர் அளவு. முதலில் அதை மாற்றுங்கள். கையெழுத்துக்கு, இரண்டு சாய்கோட்டுக்கு நடுவே எஸ் என்ற எழுத்தும் தொடர்ந்து பெயரும் தட்டினால் போதும். மனு முதன்மை ஆவணம், ஆதாரங்கள் அதன் இணைப்பு. நீதிபதி கையெழுத்திட வேண்டிய உத்தரவின் வரைவை மனுவோடு ஒட்டாமல் தனிக் கோப்பாக வையுங்கள்.

நீங்கள் போடுவது பொது ஆவணம் என்பதை மறந்துவிடாதீர்கள். ரீசர்ச் டிஎக்ஸ் என்ற மாநிலத் தளத்தில் கணக்குத் தொடங்கி வழக்குகளைத் தேட முடியும். சோஷியல் செக்யூரிட்டி எண், பாஸ்போர்ட் எண், லைசென்ஸ் எண், வங்கிக் கணக்கு எண், கார்டு எண், சிறுவர்களின் பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி ஆகியவற்றை மறைக்க வேண்டும் என்கிறது சிவில் நடைமுறை விதி 21சி. ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஓர் எக்ஸ் போட வேண்டும். ஜேபி கோர்ட்டானாலும் இதே மாதிரி மறைத்துவிடுங்கள். மறைக்காத பிரதியைக் கையில் பத்திரமாக வைத்திருங்கள்.

வங்கி அறிக்கையில் எண்ணின் மேல் கறுப்புக் கட்டம் வரைந்து அனுப்புவது மிக ஆபத்தான தவறு. கட்டம் மேலே கிடக்கும், எண் அடியில் அப்படியே இருக்கும். சோதிக்க ஒரு வழி: கறுப்புப் பகுதியின் மேல் மவுஸை இழுத்துக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். எண் வந்து விழுந்தால் அது மறையவில்லை. அந்தப் பக்கத்தைக் காகிதத்தில் அச்சிட்டு, பேனாவால் அழுத்தி அடித்து, ஸ்கேன் செய்து, எழுத்தறியும் வசதியால் (ஓசிஆர்) தேடக்கூடியதாக மாற்றுங்கள்.

நேரம், திருப்பி அனுப்புதல்

நள்ளிரவுக்கு முன் அனுப்பினால் அன்றைய தேதிதான். கிளார்க் மறுநாள் திறந்து பார்த்தாலும், நீங்கள் சேவை நிறுவனத்துக்கு அனுப்பிய நேரமே கணக்கு. சனி, ஞாயிறு, விடுமுறை நாளில் அனுப்பினால் அடுத்த வேலை நாள். கோர்ட் இருக்கும் இடத்தின் நேரம்தான் நேரம். எல் பாசோ, ஹட்ஸ்பெத் கவுண்டிகள் டாலஸை விட ஒரு மணி நேரம் பின்தங்கியவை.

தவறு இருந்தால் கிளார்க் காரணம் எழுதி, திருத்தி அனுப்பக் கெடுவும் கொடுத்துத் திருப்புவார். அந்த மின்னஞ்சல் ஸ்பாமுக்குள் போய்விடுவதுதான் வழக்கமான விபத்து. அனுப்பிய பிறகு "ஏற்கப்பட்டது" என்று வரும்வரை தினமும் கணக்கைத் திறந்து பாருங்கள். கெடுவைத் தவறவிட்டால் பழைய தேதியும் கைவிட்டுப் போகலாம்.

உங்களுக்கே சம்மன் வந்தால் அன்றே காலண்டரில் குறியுங்கள். ஜேபி கோர்ட்டில் சாதாரணக் கடன், பண வழக்குக்கு 14-ம் நாள் முடிவதற்குள் பதில் கொடுக்க வேண்டும். டிஸ்ட்ரிக்ட், கவுண்டி கோர்ட்டில் 20 நாள் கழிந்து வரும் அடுத்த திங்கள் காலை 10 மணிக்குள். மார்ச் 4 புதன்கிழமை சம்மன் வாங்கினால் முதலாவதுக்கு மார்ச் 18. இரண்டாவதுக்கு 20 நாள் மார்ச் 24 செவ்வாயில் முடிகிறது, ஆகவே மார்ச் 30 திங்கள் காலை 10. அன்று மாலை அனுப்பலாம் என்று இருந்துவிடாதீர்கள். பதில் இல்லாவிட்டால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பு சொல்ல முடியும். வீட்டைக் காலி செய்யும் வழக்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சம்மனில் போட்டிருக்கும் விசாரணை நாளில் நேரில் நில்லுங்கள்.

நகல் வாங்கும்போது

கவுண்டித் தளத்தில் இறக்கும் நகல் படித்துப் பார்க்க மட்டும். அரசு வேலைக்குச் சான்றிட்ட நகல் வேண்டும். கவுண்டி கிளார்க்கிடம் பக்கத்துக்கு 1 டாலரும் சான்றுக்கு 5 டாலரும் ஆகும். வீடு வாங்கியவர்களுக்கு வரும் அந்தக் கடிதம் இதே பத்திரத்துக்குப் பல மடங்கு கேட்கும் தனியார் கடிதம். பதில் போட வேண்டியதில்லை. குடியிருக்கும் வீட்டுக்கான ஹோம்ஸ்டெட் வரிச் சலுகைக்கும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டில் நேரடியாக, இலவசமாக விண்ணப்பிக்கலாம், ஏப்ரல் 30-க்குள்.

திருமணச் சான்று கோயில் இருக்கும் கவுண்டியில் இருக்காது. உரிமம் எந்தக் கவுண்டி கிளார்க் கொடுத்தாரோ அங்கேதான் இருக்கும். உரிமம் வாங்கி 72 மணி நேரம் கழித்துத்தான் திருமணம், 90 நாளுக்குள் முடித்துவிட வேண்டும். நடத்திவைத்த குருக்கள் கையெழுத்திட்டு 30 நாளுக்குள் கிளார்க்கிடம் திருப்ப வேண்டும். கல்யாணக் கூட்டத்தில் இந்தக் காகிதம் யாரோ ஒருவர் பையில் தங்கிவிடுவதுண்டு. அபாஸ்டில் கேட்டுப் போகும்போதுதான் பதிவே ஆகவில்லை என்று தெரியவரும். ஒரு மாதம் கழித்து கிளார்க் தளத்தில் உங்கள் பெயர் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தியாவுக்கு அனுப்பும் ஆவணத்துக்கு அபாஸ்டில் போடுவது ஆஸ்டினில் உள்ள செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகம், ஓர் ஆவணத்துக்கு 15 டாலர். விண்ணப்பத்தில் எந்த நாட்டுக்கு என்று எழுத வேண்டும். திருமணச் சான்றை ஜெராக்ஸ் எடுத்து நோட்டரி கையெழுத்து வாங்கி அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். கிளார்க் கையெழுத்தும் முத்திரையும் உள்ள சான்றிட்ட நகலைத்தான் அனுப்ப வேண்டும். அதில் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி, ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.