நிலநடுக்கம் எங்கே நடந்தது என்று கவராயத்தால் கண்டுபிடிப்பது எப்படி?

மாணவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தரும்போதெல்லாம் அவர்களைவிட எனக்குத்தான் அதிகம் சிலிர்க்கிறது. தேவைப்படுபவை: வெவ்வேறு இடங்களில் உள்ள மூன்று நிலநடுக்கமானிகளின் பதிவுத் தாள்கள், ஒரு வரைபடம், அளவுகோல், கவராயம்.

முதல் தாளை விரித்து, நடுக்கத்துக்கு முந்தைய கோட்டைப் பாருங்கள். அது நேராக இருக்காது; கடலலையும் காற்றும் வாகனங்களும் தரையை ஓயாமல் லேசாக அதிரவைக்கின்றன. அந்த மெல்லிய நடுக்கத்திலிருந்து கோடு சட்டென்று துள்ளும் இடத்தில் பென்சிலால் குறியிடுங்கள். அதுதான் பி அலை. பாறையை அழுத்தியும் தளர்த்தியும் நொடிக்கு ஏறத்தாழ 6 கி.மீ. வேகத்தில் வருகிறது.

அடுத்தது எஸ் அலை. இதற்குப் பொறுமை வேண்டும். பாறையைப் பக்கவாட்டில் உலுக்கிக்கொண்டு நொடிக்குச் சுமார் 3.5 கி.மீ. வேகத்தில் வரும் இது, பி அலை அடங்குவதற்குள் வந்துவிடுவதால் இதன் தொடக்கம் மறைந்து கிடக்கும். பழகாத கண் மிக உயரமான முகட்டில் குறியிட்டுவிடும். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். 12 நொடி தவறி, தூரம் கிட்டத்தட்ட 100 கி.மீ. கூடிவிட்டது. முகட்டை விடுங்கள். அலை பெரிதாகி, முகடுகளுக்கு இடையிலான இடைவெளியும் அகலத் தொடங்கும் இடத்தைத் தேடுங்கள். கிடைமட்ட அசைவைப் பதியும் கருவியின் தாளில் அது நன்றாகத் தெரியும்.

தூரம் கூடக்கூட எஸ் அலை மேலும் மேலும் பின்தங்கும். அந்தப் பின்தங்கலை 8 ஆல் பெருக்கினால் தூரம் கிடைக்கும்: 25 நொடி என்றால் சுமார் 200 கி.மீ. வரைபடத்தில் 1 செ.மீ. 50 கி.மீ. என்றால், கவராயத்தை 4 செ.மீ. விரித்து அந்த நிலையத்தைச் சுற்றி வட்டம் போடுங்கள். மற்ற இரண்டுக்கும் இப்படியே.

மூன்று வட்டங்களும் ஒரே புள்ளியில் சந்திப்பது அரிது. சிறு முக்கோணம் மிஞ்சும்; நடுக்கம் நடந்த இடம் அதையொட்டித்தான் இருக்கும். நடுக்கம் தரைக்கு அடியில் ஆழத்தில் பிறந்தது என்பதற்கான தடயமாகவும் அந்த முக்கோணம் இருக்கலாம். வட்டங்களைப் பொருத்துவதற்காகக் குறித்த நேரத்தைத் திருத்தவே கூடாது.

இந்த 8 சில நூறு கி.மீ. வரைதான் செல்லும். அதற்கு அப்பால் அலைகள் ஆழத்தில் வேகமெடுப்பதால் பயண நேர அட்டவணை வேண்டும்.

மிகத் தொலைவில் பதிவான தாளில் நேரடி எஸ் அலை இல்லாவிட்டால் அதை ஒதுக்கிவிடாதீர்கள். எஸ் அலை திரவத்தில் பாயாது. பூமிக்குள் சுமார் 2,900 கி.மீ. ஆழத்தில் தொடங்கும் புறக் கருவம் (பூமி மையத்தின் வெளிப்பகுதி) உருகிய உலோகம்; அது எஸ் அலையைத் தடுத்துவிடுகிறது. அதற்கும் உள்ளே திண்மையான அகக் கருவம் ஒன்று உண்டு. பி அலை தென்படக்கூடாத தொலைவில் தெரிந்த மங்கலான பதிவுகளை வைத்து, 1936இல் இங்கெ லேமன் (Inge Lehmann) என்ற டென்மார்க் பெண் அறிவியலாளர் அதைக் கண்டறிந்தார்.