தையல்சிட்டைத் தேடும்போது செய்யும் தவறுகள்

போன ஞாயிறு காலை கொழும்பு விகாரமகாதேவி பூங்காவில் இரண்டு தம்பிமார் ஒரு செம்பரத்தைப் புதருக்கு முன்னால் போனை நீட்டிக்கொண்டு நின்றார்கள். போனுக்குள்ளிருந்து தையல்சிட்டின் குரல். பத்து வருஷத்துக்கு முன் நான் செய்த அதே வேலை.

போனில் குரலைப் போடுவது

தையல்சிட்டு 13 சென்டிமீற்றர்தான், ஆனால் அது கத்தினால் ஒழுங்கை முழுக்கக் கேட்கும். சத்தம் காதுக்குப் பக்கத்தில், பறவையோ கண்ணில் படாது; அந்த அந்தரத்தில்தான் ஆட்கள் பதிவு செய்த குரலைப் போடுகிறார்கள். உடனே வெளியே வரும், உண்மைதான். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டது என்று நினைத்து, இரை தேடுவதையும் குஞ்சுக்கு ஊட்டுவதையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறது. ஒருவர் போட்டாலே இப்படி, பூங்காவுக்கு வருகிற எல்லாரும் போட்டால்?

வெள்ளவத்தையில் நான் இருந்த வீட்டுப் பின்வளவில் ஒரு சோடி கூடு கட்டியது. அகன்ற இலை ஒன்றின் இரண்டு ஓரத்தையும் வளைத்து, அலகால் துளை போட்டு, சிலந்தி நூலும் பஞ்சும் நுழைத்துத் தைத்திருந்தது. ஒவ்வொரு துளையிலும் பஞ்சு சின்னப் பொட்டு மாதிரிப் பிதுங்கி நின்றது. படம் எடுக்கவென்று மூன்று காலை தொடர்ந்து குரலைப் போட்டேன். ஆணும் பெண்ணும் கூட்டை விட்டு மதிலுக்கு வந்து, வாலை நட்டுக்கொண்டு கத்தின. இரண்டும் நின்று கத்துகிற இடத்தைக் கொழும்புக் காகம் கவனிக்காமல் விடுமா? நாலாம் நாள் இலை கிழிந்து தொங்கியது. மூன்று குஞ்சும் இல்லை. அடைகாக்க ஏறத்தாழ 12 நாள், குஞ்சு பறக்க இன்னும் 14 நாள் என்று பிறகுதான் படித்தேன். அந்தப் படங்களை நான் யாருக்கும் காட்டியதில்லை.

சத்தம் வருகிற புதருக்கு ஐந்தாறு மீற்றர் தள்ளி, பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். மேலே பார்க்க வேண்டாம், முழங்கால் உயரத்தில் இலை ஆடுகிறதா என்று பாருங்கள். அந்தத் தம்பிமார் போனைப் பொக்கற்றில் வைத்த கொஞ்ச நேரத்தில், வாயில் பச்சைப் புழுவோடு அது தானாகவே வெளியே வந்தது.

பச்சை முதுகை மட்டும் பார்த்துப் பெயர் சொல்வது

நிழலில் பெண் தேன்சிட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான் தெரியும். அலகைப் பாருங்கள்: தேன்சிட்டுக்கு அது கீழ்நோக்கி வளைந்திருக்கும், தையல்சிட்டுக்கு ஏறக்குறைய நேர். அப்புறம் துருநிற நெற்றி, நிமிர்ந்த வால். கத்தும்போது கழுத்தின் பக்கத்தில் ஒரு கறுப்புத் திட்டு விரிந்து மறையும், அதைக் கண்டால் சந்தேகமே வேண்டாம்.

நீண்ட வால் இல்லை என்று விட்டுவிடுவது

இனப்பெருக்க காலத்தில் ஆணுக்கு மட்டும்தான் நடுவால் இறகு நீளும்.

கூட்டுக்குப் பக்கத்து இலையை விலக்குவது

வேண்டாம். ஒரு இலைகூட.

தோட்டவேலை செய்பவரிடம் கேட்காமல் போவது

சிங்களத்தில் இதற்குப் பட்டிச்சா என்று பெயர். தினமும் அந்த வேலியை வெட்டுகிறவரிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், எந்தப் புதர் என்று கையைக் காட்டுவார்.