வாடிக்கையாளர் தரவு கசிந்தால்: சிறு நிறுவனத்துக்கான முதல் ஆறு மணி நேரம்

சர்வரைப் பார்த்துக்கொள்பவரே பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் ஓடிவரும் இருபது பேர் நிறுவனங்களுக்காக இதை எழுதுகிறேன். தனிப் பாதுகாப்புக் குழு வைத்திருப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. முதல் மூன்று படிகள் கசிவு நடக்கும் முன்பே செய்துவைக்க வேண்டியவை; நான்காவதிலிருந்து கசிவு தெரிந்த பிறகு.

படி 1: என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

யாருடைய தகவல், எந்தக் கணினியில், யார் கைக்கு எட்டும்படி இருக்கிறது? ஒரு பக்கம் போதும். எழுத உட்கார்ந்தால், என்றோ நின்றுபோன திட்டத்துக்கு வாங்கிய ஆதார் நகல்கள் பொதுக் கோப்புறையில் கிடப்பது தெரியவரும். தேவையில்லாதவற்றை அன்றே அழித்துவிடுங்கள்.

படி 2: எண்களைக் காகிதத்தில் வையுங்கள்

முதலாளி, சர்வர் வாடகைக்குத் தந்த நிறுவனம், வங்கி, வழக்கறிஞர், சைபர் குற்ற உதவி எண் 1930. கணினியில் மட்டும் சேமித்திருந்தால், கணினி முடங்கிய நேரத்தில் அந்தப் பட்டியலைத் திறக்க வழியிருக்காது.

படி 3: பதிவுகளைச் சேமியுங்கள்

யார் எப்போது நுழைந்தார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று செர்ட்-இன் (கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இந்திய அரசு அமைப்பு) 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு சொல்கிறது. வைத்திருந்தால் மட்டும் போதாது. கண்காணிப்பு உண்மையிலேயே ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். மக்களின் கடன் விவரங்களைச் சேர்த்துவைக்கும் அமெரிக்க நிறுவனமான ஈக்விஃபாக்ஸில் 2017 மே மாதம் தரவுத் திருட்டு தொடங்கியது. உள்ளே வெளியே போகும் தரவைச் சோதிக்கும் கருவி அங்கே இருந்தது. பூட்டிய தரவைத் திறந்து பார்க்க அதற்குத் தேவையான டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதால் அது குருடாக இருந்தது. ஜூலை 29 அன்று சான்றிதழைப் புதுப்பித்த பிறகுதான் சந்தேகம் எழுந்தது.

படி 4: நோட்டை எடுங்கள்

கசிவு தெரிந்ததும் முதலில் தேட வேண்டியது ஒரு நோட்டும் பேனாவும். இப்படி எழுதுங்கள்:

மாலை 4.10 – வாடிக்கையாளர் போன். தன் பில் விவரங்களைச் சரியாகச் சொல்லி யாரோ பணம் கேட்டதாகத் தகவல்.
4.25 – நிர்வாகிக் கணக்கில் அதிகாலை 2.40க்கு யாரோ நுழைந்திருப்பது தெரிந்தது. அப்போது பணியில் யாரும் இல்லை.
4.32 – பில்லிங் சர்வரின் நெட்வொர்க் கேபிள் கழற்றப்பட்டது.

கடைசி வரியைக் கவனியுங்கள். கேபிளைத்தான் கழற்றினார்கள், மின்சாரத்தை நிறுத்தவில்லை. பதற்றத்தில் பலரும் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். நினைவகத்தில் இருக்கும் தடயங்கள் அதோடு போய்விடும். உடனே எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவுவதும் அதே தவறுதான்.

படி 5: கடவுச்சொற்களை மாற்றுங்கள்

பாதிக்கப்படாத வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள். நிர்வாகிக் கணக்கும் மின்னஞ்சலும் முதலில். மென்பொருள்கள் தங்களுக்குள் பேசப் பயன்படுத்தும் ரகசியச் சாவிகளையும் மாற்ற வேண்டும். பெரும்பாலோர் மறப்பது இதைத்தான்.

படி 6: செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவியுங்கள்

கசிவு கண்ணில் பட்ட, அல்லது பிறர் சொல்லித் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மேலே உள்ள நோட்டின்படி கெடு இரவு 10.10. எல்லாம் தெளிவாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். தெரிந்ததை அனுப்புங்கள், மீதியைப் பிறகு சேர்க்கலாம்.

படி 7: வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள்

என்ன போனது, என்ன போகவில்லை, அவர் இப்போது என்ன செய்ய வேண்டும். மூன்றே பத்தி. "தங்கள் பாதுகாப்பே எங்கள் முதன்மை நோக்கம்" என்று தொடங்கும் கடிதத்தை யாரும் இரண்டாம் வரிக்கு மேல் படிப்பதில்லை. மறைக்கலாம் என்று நினைத்தால், தெரிவிக்கத் தவறுவதற்கு 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது.

அறிவிப்பை உங்கள் வழக்கமான இணையதளத்திலேயே போடுங்கள். ஈக்விஃபாக்ஸ் இதற்கென்று ‘ஈக்விஃபாக்ஸ்செக்யூரிட்டி2017’ என்ற புதுத் தளத்தைத் திறந்தது. எவ்வளவு எளிதாக ஏமாற்றலாம் என்று காட்ட, ஒரு நிரலாளர் சொற்களை இடம் மாற்றி ‘செக்யூரிட்டிஈக்விஃபாக்ஸ்2017’ என்று ஒரு போலியை அமைத்தார். நிறுவனத்தின் சொந்த ட்விட்டர் கணக்கே வாடிக்கையாளர்களை அந்தப் போலித் தளத்துக்கு அனுப்பிவைத்தது, அதுவும் பலமுறை.

படி 8: வந்த வழியை அடையுங்கள்

ஈக்விஃபாக்ஸில் திருடர்கள் நுழைந்த மென்பொருள் ஓட்டையை அடைக்கும் திருத்தம் (பேட்ச்) 2017 மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது. அதை அங்கே நிறுவாமல் விட்டுவிட்டார்கள். உங்கள் சர்வரில் நிலுவையில் இருக்கும் திருத்தங்களை முதலில் நிறுவுங்கள். காப்பு நகலை மீட்கும்முன், அது அந்த அதிகாலை நுழைவுக்கு முந்தையதா என்று தேதியைப் பாருங்கள். அதன் பிறகு கேபிளை மாட்டலாம். மாட்டிய நேரத்தையும் நோட்டில் எழுதிவிடுங்கள்.